1904 என்று அச்சிட்டிருந்தால் போதாது: ‘மடாமா பட்டர்ஃபிளை’ முதல் பதிப்பு வாங்குபவர்கள் கவனத்துக்கு

புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃபிளை’, வோக்கல் ஸ்கோர், ரிக்கோர்டி, மிலான், 1904, முதல் பதிப்பு. இந்த விவரத்தோடு ஒரு பிரதி இணையத்தில் விற்பனைக்கு வந்தது. வோக்கல் ஸ்கோர் என்றால் ஓபராவின் பாட்டுகளைப் பியானோ துணையோடு அச்சிட்ட இசைநூல்; ரிக்கோர்டி அதன் பதிப்பகம். ஐந்தே படங்கள்: அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், பாத்திரங்களின் பட்டியல், முதல் இசைப் பக்கம். காப்புரிமை ஆண்டு 1904 என்றே இருந்தது, பக்கங்களின் அடியில் அச்சாகும் தகட்டு எண்ணும் பொருந்தியது. வாங்கியவர் முழுத்தொகையையும் நேராக விற்பவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டார். பார்சல் வந்ததும் கடைசிக் காட்சியைப் புரட்டினால், கதாநாயகன் பிங்கர்டன் பாடும் ‘அடியோ, ஃபியோரித்தோ அசில்’ அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பாட்டு இருந்தால் அது முதல் பதிப்பு இல்லை. 1904 பிப்ரவரி 17 அன்று மிலானின் லா ஸ்காலா அரங்கில் அரங்கேறிய வடிவத்தில் பிங்கர்டனுக்கு அப்படியொரு பாட்டே கிடையாது. அன்று இரவு அரங்கில் கூச்சலும் கேலியுமாகப் போனதால், புச்சினி ஓபராவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு திருத்தினார். மே 28 அன்று பிரெஷியாவில் மேடையேறிய திருத்த வடிவத்தில்தான் இந்தப் பாட்டு சேர்ந்தது. இடைவெளியே இல்லாமல் நீண்ட இரண்டாம் அங்கம் இரண்டாகப் பிரிந்ததும் அப்போதுதான். இரண்டுமே 1904. ஆண்டை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

தகட்டு எண்ணை நம்புவது இதைவிடப் பெரிய வம்பு. அந்த எண் பதிப்பகம் ஒரு படைப்பின் தகடுகளுக்குக் கொடுத்த அடையாளம், அவ்வளவுதான். அச்சடித்த நாளை அது சொல்லாது. ‘லா போயெம்’ 1896 வோக்கல் ஸ்கோரின் எண் 99000. பின்னால் வந்த மறுஅச்சுகளின் அடியிலும் அதே 99000 இருக்கும். எண் தவறாக இருந்தால் பிரதியை ஒதுக்கிவிடலாம். சரியாக இருந்தால் சோதனை அப்போதுதான் ஆரம்பம்.

ரிக்கோர்டி பிரதிகளில் தேட வேண்டியது மையில்லாத அழுத்து முத்திரை. அச்சான மாதமும் ஆண்டும் காகிதத்திலேயே அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாது, சாதாரணப் படத்திலும் பெரும்பாலும் விழாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து நிழலோடு எழும்பும். மேலே சொன்ன பிரதியின் தலைப்புப் பக்கத்தில் ஓரிடம் மட்டும் வழவழவென்று, சுற்றியுள்ள காகிதத்தைவிடத் தட்டையாக இருந்தது. முத்திரையை ஈரப்படுத்தி அழுத்தி அழித்த தடம் அப்படித்தான் இருக்கும். லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த வட்டத்துக்குள் மட்டும் காகித நார் படிந்து கிடப்பது தெரியும்.

வெர்டியின் ஓபராக்கள் பக்கம் போனால் பதிப்பகப் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். ஜொவான்னி ரிக்கோர்டி 1853-இல் இறந்தார். அதன்பின் மகன் டிட்டோவின் பெயர் வந்தது. லூக்கா பதிப்பகத்தை 1888-இல் வாங்கிய பிறகு ‘ஜி. ரிக்கோர்டி & சி.’ ஆனது. ‘சி.’ என்றால் கம்பெனி. ஆகவே 1851-இன் ‘ரிகொலெட்டோ’ முதல் பதிப்பு என்று ஒருவர் நீட்டும் பிரதியில் ‘& சி.’ இருந்தால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

அந்தக் காலத்து வெர்டி ஸ்கோர்களில் இன்னொரு தந்திரமும் உண்டு. ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகவும் விற்கப்பட்டதால் ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் தனி விலையும் இருக்கும். பக்க எண்கூட இரண்டு வகை: அந்தப் பாட்டுக்கு ஒன்று, முழு நூலுக்குத் தொடர்ச்சியாக ஒன்று. வெவ்வேறு காலத்தில் அச்சான தனிப்பாட்டுகளைச் சேர்த்துப் புது பைண்டிங் போட்டு ‘முழுமையான முதல் பதிப்பு’ ஆக்கிவிடுகிறார்கள். தொடர் எண் எங்காவது அறுந்திருக்கிறதா, காகிதத்தின் தடிமனும் நிறமும் நடுவில் மாறுகிறதா என்று ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் பாருங்கள். புதிதாகப் பைண்டிங் போட்ட பிரதி என்றால் தையல் இடுக்கையும் விரித்துப் பார்க்க வேண்டும். தலைப்புத் தாள் மட்டும் குறுகிய காகிதப் பட்டையில் ஒட்டப்பட்டிருந்தால், அது வேறொரு பிரதியிலிருந்து வந்ததாகவோ நகலாகவோ இருக்கலாம்.

பிசேயின் ‘கார்மென்’ வாங்குபவர்களுக்கும் இதே மாதிரி ஓர் உள்சோதனை உண்டு. 1875 மார்ச்சில் அரங்கேறியபோது பாட்டுகளுக்கு நடுவே வசனம் பேசினார்கள். அதைப் பாடும்படி ஆக்கிய ரெசிட்டேட்டிவ்களை எர்னெஸ்ட் கீரோ எழுதியது பிசேயின் மறைவுக்குப் பிறகு, அக்டோபர் வியன்னா நிகழ்ச்சிக்காக. அவை உள்ளே இருந்தால் பாரிஸ் முதல் பதிப்பு என்ற பேச்சே எழாது.

புற ஊதா டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். வெளிர்நீலமாகப் பளிச்சென்று ஒளிரும் தாள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிச் சரக்கு. பழைய காகிதம் மங்கலாகவே நிற்கும். கையெழுத்திட்ட பிரதி என்றால் பழுப்புப் புள்ளிகளைக் கவனியுங்கள். புள்ளியின் மேல் போன மை அங்கே மட்டும் கசிந்திருந்தால், காகிதம் பழுத்த பிறகு யாரோ போட்ட கையெழுத்து அது.

பணம் கட்டுமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்: பக்க வெளிச்சத்தில் தலைப்புப் பக்கம், ஒவ்வொரு அங்கத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், திருத்தத்தில் மாறிய இடம். ‘முதல் பதிப்பு, முதல் அச்சு’ என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். ‘முதல் பதிப்பு’ என்று மட்டும் எழுதுபவர், பிற்பாடு ‘அதே தகடுகளில் அச்சான பிந்தைய பிரதியைத்தான் சொன்னேன்’ என்று நழுவ வழி வைத்திருக்கிறார். வங்கிப் பரிமாற்றம் வேண்டாம். கிரெடிட் கார்டில் கட்டினால் தகராறு எழுப்பவாவது இடமிருக்கும். பார்சல் வந்ததும் எதையும் அழிக்காமல், பென்சில் விலைக்குறியைக்கூடத் தொடாமல், முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிடுங்கள்.

விற்றவருக்கு இத்தனையும் எழுதியதற்கு வந்த பதில் ஒரே வரி: “1904 என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன?” பல கடிதங்களுக்குப் பிறகு பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார், தபால் செலவைத் தரவில்லை. அதே பிரதி இப்போது மறுபடி விற்பனையில் இருக்கிறது. விவரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதே ஐந்து படங்கள்.