இந்திரா நகர் கோல்ஃப் சிமுலேட்டரில் பெபிள் பீச்: எந்த அறை, என்ன செட்டிங், எதை நம்பலாம்

பெங்களூர் இந்திரா நகரில் பழைய வீடு ஒன்றின் முதல் மாடியைத் தட்டிக்கொட்டி, திரையை நோக்கிப் பந்தடித்து கோல்ஃப் ஆடும் சிமுலேட்டர் கூடமாக்கி, மூன்று அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். வாடகை வார நாள் பகலில் மணிக்கு 1,200 ரூபாய், மாலையிலும் சனி, ஞாயிறும் 1,800. தலைக்கு அல்ல, அறைக்கு. நான்கு பேர் சேர்ந்தால் மலிவு என்று கணக்குப் போட வேண்டாம். ஒருவர் 18 குழி முடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், நால்வர் ஆடினால் நான்கு மணி நேரம். தலைக்கு விழும் செலவு அதேதான்.

மூன்றுக்கும் ஒரே விலை என்றாலும் மூன்றும் ஒன்றல்ல. முதல் அறையில் பந்தின் போக்கை அளக்கும் கேமரா பெட்டி பந்துக்குப் பக்கத்தில், தரையில் இருக்கிறது. மற்ற இரண்டில் கூரையில் மாட்டியிருக்கிறார்கள். இடது கைக்காரர் யாராவது குழுவில் இருந்தால் முதல் அறையைத் தொடாதீர்கள். முறை மாறும்போதெல்லாம் பெட்டியை எதிர்ப்பக்கம் தூக்கி வைத்து நேர்படுத்த வேண்டும், அந்த நேரமும் உங்கள் கட்டணத்தில்தான் ஓடும். கூரையின் உயரத்தையும் பாருங்கள். டிரைவர் என்னும் நீண்ட மட்டையைச் சுற்ற ஒன்பது அடி குறைந்தபட்சம், பத்து இருந்தால்தான் நிம்மதி. மூன்றாவது அறையின் நடுவே ஒரு உத்திரம் தாழ்ந்து ஓடுகிறது. ஆறடிக்காரர் தன்னை அறியாமல் ஸ்விங்கைக் குறுக்கிக்கொள்வார், பந்து வலப்பக்கம் போகும், பழி மட்டையின் மேல் விழும். ஆகவே இரண்டாவது அறை. போனில் பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். வரவேற்பில் இருக்கும் பையன் தமிழ் பேசுகிறார், செட்டிங் மாற்றச் சொன்னால் முகம் சுளிப்பதில்லை.

சிமுலேட்டரை உரசிப் பார்க்க கலிஃபோர்னியாவின் கடலோர மைதானமான பெபிள் பீச் நல்ல உரைகல். அதிலும் 2000 ஜூன் 15 முதல் 18 வரை அங்கே நடந்த 100-வது யு.எஸ். ஓப்பனின் அமைப்பு. டைகர் உட்ஸ் 65, 69, 71, 67 என்று 272-இல் முடித்தார், பாருக்கு (குழிகளை முடிக்க நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கை) 12 கீழே. இரண்டாம் இடத்தைப் பகிர்ந்த எர்னி எல்ஸும் மிகேல் ஆங்கெல் ஹிமெனெஸும் 287, அதாவது பாருக்கு 3 மேலே. இடைவெளி 15 ஸ்ட்ரோக், அதாவது 15 அடி. மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் அதற்கு முந்தைய சாதனை 1862-இல் ஓல்டு டாம் மாரிஸ் வென்ற 13. ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் பாருக்கு மேலே தள்ளிய மைதானத்தின் கடுமை திரையில் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

தொடங்குமுன் நான்கு செட்டிங்கைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது கடல் மட்ட உயரம். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்து மூன்று, மூன்றரை சதவீதம் கூடுதலாகப் பறக்கும். இங்குள்ள கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் (கே.ஜி.ஏ.) மைதானத்தில் 7 அயர்ன் என்னும் நடுத்தரத் தூர மட்டையால் 150 கஜம் அடிப்பவர் கடற்கரையில் 145-தான் அடிப்பார். இந்தக் கூடத்தில் எல்லா மைதானத்துக்கும் பெங்களூர் உயரத்தையே போட்டு வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்குத் தூரம் கூடத் தெரிந்தால் சந்தோஷம் என்ற எண்ணமோ என்னவோ. பசிபிக் ஓரம் ஆடும்போது அதைப் பூஜ்யம் ஆக்கச் சொல்லுங்கள். இரண்டாவது காற்று. வந்த நிலையில் அணைந்தே இருக்கிறது. காற்றில்லாத பெபிள் பீச் உப்பில்லாத சாம்பார். அந்த ஏழாவது குழி வெறும் 106 கஜம், வெட்ஜ் என்னும் குறுந்தூர மட்டையால் தட்டிவிடலாம் என்று தோன்றும். 1992 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாள் காற்றில் டாம் கைட் அந்த கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) தவறவிட்டு, வெளியிலிருந்து சிறிதாகத் தட்டிச் சிப் செய்தே குழிக்குள் போட்டு, அன்று கோப்பையும் வென்றார். மணிக்கு 20 மைல் காற்று வைத்து ஆடினால்தான் 106 கஜத்தின் மரியாதை புரியும்.

மூன்றாவது, இரண்டாம் குழியின் பார். மென்பொருளில் அது பார் 5. 2000-இல் அதை 484 கஜ பார் 4 ஆக்கி, மொத்தப் பாரை 72-இலிருந்து 71-க்கு இறக்கினார்கள். மைதானத்தின் மொத்த நீளம் 6,846 கஜம். ஸ்கோரை ஒப்பிட விரும்புகிறவர்கள் மென்பொருளின் மொத்தப் பாரில் மனதிலேயே ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். பின் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடங்களில் கடைசியானது) அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நான்காவதைப் பட்டிங் (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது) பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எண்கள் நம்பகமானவைதாமா? அயர்ன், வெட்ஜ் இரண்டிலும் ஆம், பந்து சுத்தமாக இருக்கும்வரை. சாதாரண ஆட்டக்காரரின் 7 அயர்னுக்கு நிமிடத்துக்கு 6,000 முதல் 7,000 சுற்று வரை பின்சுழற்சி காட்டுவது இயல்பு. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தாலோ, டிரைவரில் திடீரென்று ஒன்று 2,500, அடுத்தது 5,000 என்று குதித்தாலோ, கேமரா பந்தின் அடையாளத்தைப் படிக்கவில்லை என்று பொருள். பந்தை மாற்றுங்கள். இங்கே கொடுக்கும் கூடையில் யூரித்தேன் மேலுறைப் பந்தும் கெட்டி மேலுறை கொண்ட இரண்டடுக்குப் பந்தும் கலந்து கிடக்கின்றன. வெட்ஜில் இரண்டுக்கும் சுழற்சி நிறையவே வேறுபடும். ஒரே வகையில் மூன்று பந்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். சொந்தப் பந்தை அனுமதிப்பதில்லை. கீறல் விழுந்த பந்து திரையைக் கிழிக்கும் என்பதால் அது நியாயமே.

பந்து முக்கியமா என்று கேட்பவர்களுக்கு: 2000 மே மாதம் உட்ஸ் திட மையம் கொண்ட நைக்கி பந்துக்கு மாறினார். அந்த யு.எஸ். ஓப்பனில் அவரோடு போட்டியிட்டவர்கள் பலர் இன்னும் ரப்பர் நூல் சுற்றிய பந்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் திட மையப் பந்தான புரோ வி1 போட்டிக்களத்துக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபரில். நூல் பந்தின் காலம் அத்தோடு வேகமாக முடிந்தது.

கூடத்தின் பெரிய குறை பாய். அடிக்கும் இடத்தில் தேய்ந்து, கீழே காங்கிரீட்டின் கடினம் தெரிகிறது. முழங்கை வலி உள்ளவர்கள் கவனம். அதைவிட மோசம், பாய் பொய் சொல்லும். பந்துக்குப் பின்னால் தரையில் முதலில் பட்டாலும் மட்டை சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்துவிடும், திரையில் பத்து கஜம்தான் குறையும். புல்தரையில் அதே அடி பாதி தூரம் போகாது. பந்துக்கு நான்கு விரல்கிடை பின்னால் ஒரு கைக்குட்டையை விரித்து அடியுங்கள். கைக்குட்டை பறந்தால் மட்டை முதலில் தரையைத் தட்டியது என்று அர்த்தம், திரை என்ன சொன்னாலும்.

ரஃப், அதாவது மைதான ஓரத்து நீண்ட புல், அதைவிடப் பெரிய ஏமாற்று. மென்பொருள் இத்தனை சதவீதம் தூரம் குறைவு என்று வெட்டுகிறது, அவ்வளவுதான். உண்மையில் நீண்ட புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முகத்தை மூடும். சில நேரம் புல் இடையில் சிக்கிச் சுழற்சியே இல்லாமல் பந்து பறந்துவிடும். 2000-இல் வெள்ளிக்கிழமை, ஆறாவது குழியின் அடர்ந்த ரஃபிலிருந்து, மேடேறிப் பார்வைக்கே படாத கிரீனுக்கு, 200 கஜத்துக்கும் மேல் உட்ஸ் 7 அயர்னால் அடித்தார். இங்கே அதே இடத்தில் பந்தை வைத்து 5 அயர்னால் அடித்தால் யாருக்கும் ஓரளவு வந்துவிடுகிறது. அந்த ஷாட்டின் அருமை இந்த அறையில் தெரியாது.

கிரீனின் அளவு மட்டும் நன்றாகத் தெரிகிறது. பெபிள் பீச் கிரீன்களின் சராசரி ஏறத்தாழ 3,500 சதுர அடி. நம்மூர்க் கணக்கில் அறுபதுக்கு நாற்பது சைட் ஒன்றரை. எட்டாவது குழியில் பாறைப் பிளவைத் தாண்டி அந்த ஒன்றரை சைட்டின் மேல் இறக்க வேண்டும் என்னும்போது, பாய் உதவினாலும் கை நடுங்கத்தான் செய்கிறது. காசுக்குக் கிடைக்கும் முழுப் பயன் இது: எந்த அயர்ன் எத்தனை கஜம் காற்றில் போகிறது என்பதை இரண்டு மணி நேரத்தில் திட்டமாக அறிந்துகொள்ளலாம்.

பட்டிங்கிற்கு அதைச் சொல்ல முடியாது. மெதுவாக உருளும் பந்தைக் கேமரா சில நேரம் படிப்பதே இல்லை. அதனால் எட்டடிக்குள் வந்தால் போட்டதாகவே வைத்துக்கொள்ளும் செட்டிங்கை இயக்கி வைத்திருக்கிறார்கள். நான்காவது செட்டிங் இதுதான். உட்ஸ் 72 குழியில் ஒருமுறைகூட மூன்று பட் போடவில்லை, பாரைக் காப்பாற்றிய பட்டுகள்தாம் அந்த வாரத்தின் முதுகெலும்பு. அவற்றை இலவசமாகக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது தூர அளவை மட்டுமே. மூன்றடிக்குக் குறைக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் எரிச்சல் வந்தாலும் பரவாயில்லை.

18-ஆவது, 543 கஜம், இடப்பக்கம் முழுக்கக் கடல். மூடுபனியால் தள்ளிப்போன இரண்டாவது சுற்றைச் சனிக்கிழமை காலையில் முடிக்கும்போது உட்ஸ் இங்கே டிரைவைக் கடலுக்குள் அடித்தார். பையில் மிச்சம் ஒரே ஒரு பந்து என்பது மட்டைப் பையைச் சுமக்கும் கேடி ஸ்டீவ் வில்லியம்ஸுக்கு மட்டும் தெரியும். சிமுலேட்டரில் அந்தப் பயத்துக்கு இடமில்லை, கடலில் எத்தனை போனாலும் கூடை குறையாது.

வண்டி நிறுத்த இரண்டே இடம். சனி மாலை என்றால் மெட்ரோவில் வந்து, பையோடு பத்து நிமிடம் நடப்பதே மேல். வாடகை மட்டையும் இருக்கிறது, ஆனால் கைப்பிடிகள் வழுவழுவென்று தேய்ந்துவிட்டன. கையுறையை மறக்காதீர்கள்.