ஒரே படம், இரண்டு பிரிவுப் பாட்டு

1962-இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் இரண்டு சோகப் பாடல்கள். இரண்டும் கண்ணதாசன் எழுதியவை, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தவை.

பி. சுசீலா பாடிய 'சொன்னது நீதானா'வில் உருவகம்தான் பேசுகிறது. நான் இறந்தால் மறுமணம் செய்துகொள் என்கிறான் நோயாளிக் கணவன். தெய்வத்துக்குச் சூட்டிய மாலை தெருவில் விழலாமா என்று கேட்கிறாள் மனைவி. கேட்டதுமே மனம் கலங்கும். ஆனால் பெண்ணை மாலையாகப் பார்க்கும் அந்தப் பார்வை இன்று எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

ஏ.எல். ராகவன் பாடிய 'எங்கிருந்தாலும் வாழ்க' வேறு வழியில் போகிறது. அந்த மனைவியை முன்பு காதலித்து இழந்த மருத்துவர் தன் வலிக்கு உவமையே தேடுவதில்லை. அவளுடைய மஞ்சளையும் குங்குமத்தையும் வாழ்த்துகிறார், அவ்வளவுதான். அந்தக் காலத்து வழக்கில் குங்குமம் வாழ்க என்றால் கணவன் பிழைக்க வேண்டும் என்று பொருள். அந்தக் கணவனுக்குச் சிகிச்சை செய்பவரும் இவரேதான்! தான் இழந்ததை இன்னொருவனுக்காகக் காப்பாற்றித் தருகிறேன் என்பதை ஒரு குங்குமம் சொல்லிவிடுகிறது.

உருவக அழகில் முதல் பாட்டுதான் உயர்ந்தது. சரி, ராத்திரி தனியாக இருக்கும்போது எதைக் கேட்பேன்? இரண்டாவதைத்தான்.