பெட்டியில் 'கிராஃபீன் லித்தியம் மெட்டல்' என்று போட்டிருக்கும் பவர் பேங்க்: வாங்கலாமா?

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போன் சாமான் விற்கிற கடைகளில் இப்போது கண்ணாடி அலுமாரியின் முன்வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள். 10000 எம்ஏஎச், ஆறாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, பெட்டியில் பெரிய எழுத்தில் 'கிராஃபீன் லித்தியம் மெட்டல்'. கிராஃபீன் என்பது ஒரே அணுத் தடிப்புள்ள கார்பன் தாள். கம்பனிப் பெயரை நான் எழுதவில்லை, ஒரே சாமான் மூன்று நாலு பெயரில் வருகிறது. வெள்ளவத்தையில் என்னிடம் இரசாயனவியல் படிக்கிற பிள்ளைகள் "சேர், இது உண்மையா?" என்று கேட்டார்கள், அதனால்தான் வாங்கினேன்.

பவர் பேங்க் என்று பார்த்தால் நல்ல சாமான். 10000 என்பது உள்ளே இருக்கிற பற்றரியின் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட் அவர். போனுக்குப் போகிற 5 வோல்ட்டில் அது 7400 ஆகிவிடும், மாற்றும்போது சூடாகப் போகிறதையும் கழித்தால் 6500 அளவு வந்தால் நேர்மையான சரக்கு. என் யூஎஸ்பி மீட்டரில் 6400 சொச்சம் காட்டியது. கரண்ட் போன இரவில் ரவுட்டரை ஓட்டியது, பெரிதாகச் சூடேறவும் இல்லை. கூட வருகிற கேபிள் மட்டும் சரியான கட்டை, வேறு ஒன்று வாங்கத்தான் வேண்டும்.

சரி, அந்தப் பெரிய எழுத்துக்கு வருவோம். சாமானைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'லித்தியம் அயன் பொலிமர்' என்று இருக்கிறது. தராசில் போட்டால் 215 கிராம். இன்றைய நல்ல லித்தியம் அயன் பற்றரி கிலோவுக்கு 250 வாட் அவர் அளவு தரும், 37 வாட் அவருக்கு 150 கிராம் பற்றரி, மிச்சம் வெளிக்கூடும் சர்க்கிட்டும். கணக்குப் பொருந்துகிறது. லித்தியத்தை உலோகமாகவே வைத்திருக்கிற லித்தியம் மெட்டல் செல்கள் கிலோவுக்கு 400 வாட் அவரைத் தாண்டுகின்றன, அது உள்ளே இருந்தால் பற்றரியே 90 கிராமுக்குள் முடிந்திருக்கும். ஆக இது போனில் இருக்கிற அதே வகைப் பற்றரிதான்.

இதை நான் விட்டுவிடாமல் எழுதுவதற்குக் காரணம், அந்தப் பெட்டி இரவல் வாங்கியிருக்கிற ஆராய்ச்சி உண்மையிலேயே பெரியது. நம் பற்றரிகளின் அனோட்டில், அதாவது எதிர் முனையில், இருப்பது காரீயம் (கிராஃபைட் என்கிற கார்பன்), ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்று அடுக்குகளுக்கு நடுவே பிடித்து வைக்கும், கிராமுக்கு 372 எம்ஏஎச். வெறும் லித்தியம் உலோகம் 3860, பத்து மடங்குக்கு மேல். ஆனால் சார்ஜ் ஏறும்போது உலோகம் சமமாகப் படியாது, ஊசி ஊசியாக வளர்ந்து மறுமுனையைத் தொட்டால் தீ. கனடாவின் மோலி எனர்ஜி 1989இல் தன் லித்தியம் மெட்டல் பற்றரிகளைத் திருப்பி வாங்க வேண்டி வந்தது அதனால்தான், 1991இல் சோனி கார்பன் அனோட்டோடு சந்தைக்கு வந்து ஜெயித்ததும் அதனால்தான்.

தீ மட்டும் பிரச்சினை இல்லை. லித்தியத்தைத் தாங்க உள்ளே ஒரு கட்டமைப்பும் இல்லாததால் ஒவ்வொரு முறையும் அனோட் ஊதிச் சுருங்குகிறது, மேலே படிந்த மெல்லிய தோல் கிழிகிறது, புதுத் தோல் உருவாக மறுபடி லித்தியமும் எலக்ட்ரோலைட் என்கிற உள்ளே இருக்கிற மின்பகு திரவமும் செலவாகிறது, கொஞ்சம் லித்தியம் துண்டாகி உதவாமலே போய்விடுகிறது. ஒரு சுற்றுக்கு, அதாவது ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்க, 99 வீதம் திரும்பக் கிடைக்கிறது என்றால் நல்லது போலத் தெரியும், ஆனால் 100 சுற்றில் மிஞ்சுவது 37 வீதம்தான். 99.9 என்றால் 90 வீதம். அந்தக் கடைசிப் புள்ளிக்காகத்தான் இத்தனை பேர் பாடுபடுகிறார்கள்.

இங்கேதான் கார்பன் வருகிறது, லித்தியத்துக்கு வீடாக. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யீ சுய்யின் குழு 2014இல் உள்ளீடற்ற கார்பன் நுண்கோளங்களால் லித்தியத்தை மூடிப் பார்த்தது, 2016இல் ஒடுக்கிய (ஒக்சிசனைக் குறைத்த) கிராஃபீன் ஒக்சைட் அடுக்குகளுக்குள் உருக்கிய லித்தியத்தை உறிஞ்ச வைத்தது. அதே ஆண்டு வந்த இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கார்பன் கோளத்துக்குள் தங்கத் துகள் ஒன்றை வைத்தால் லித்தியம் வெளியே படியாமல் உள்ளே போய்த் தங்கத்தில் படிகிறது! சாதாரண கார்பனோடு லித்தியம் இலேசில் ஒட்டாது, அதனால் தங்கம், வெள்ளி, சிங்க் ஒக்சைட் என்று ஏதாவது தடவ வேண்டியிருக்கிறது. கார்பனின் பரப்பு கூடினால் மின்னோட்டம் பரவி ஊசி குறையும், ஆனால் அதே பரப்பு முழுக்கத் தோல் படிந்து லித்தியத்தைத் தின்னும். இந்த இழுபறி இன்னும் முடியவில்லை. முடியாத வேலையை முடிந்ததாகப் பெட்டியில் அச்சடிப்பது, அதுவும் போகலவிலும் கஹட்டகஹாவிலும் உலகத்திலேயே மிகச் சுத்தமான காரீயம் தோண்டுகிற நாட்டில், நம் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம். நாளைக்கு ஆய்வுகூடத்தில் இதில் கை வைக்கப் போவது அவர்கள்தான்.

37 வாட் அவர் சாதாரண பவர் பேங்க் என்று நினைத்து, அதற்குள்ள விலை பேசி வாங்குங்கள். கிராஃபீன் என்று போடாத, இதே எடையுள்ள ஒன்று பக்கத்துக் கடைகளில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது, நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். இதையே எடுத்தால் ஆறு மாத வாரண்டியை பில்லில் எழுதி சீல் அடித்துக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள்.