தானாகக் குறையும் வால்யூம்: நல்ல வண்டி ஒன்றைப் பற்றி ஒரு கோபம்

ஓசூரில் இருக்கும் அத்தை மகன் போன வாரம் போனில் கேட்டான். "மச்சான், உன் வண்டி மாதிரியே ஒண்ணு செகண்ட்ஸ்ல வருது. புது மாடல் வந்ததால விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா?" வாங்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இன்ஜினோ கியர்பாக்ஸோ காரணமில்லை. ஸ்டீயரிங்கின் இடது பக்கம் கட்டைவிரல் படுகிற இடத்தில் இருக்கும் ஒரு பொத்தான்தான் காரணம்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி கட்டாயமான பிறகு வந்த பெட்ரோல் ஹாட்ச்பேக், அது போதும். பெங்களூருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இந்த விலையில் கிடைக்காது என்று இப்போதும் சொல்வேன். சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வரை ஊர்ந்து போனாலும் கால் வலிக்காத கிளட்ச். மழைக்குப் பிறகு ரோடு இருக்கிற லட்சணத்துக்கு சஸ்பென்ஷன் குலுக்காமல் தாங்குகிறது. அத்திப்பள்ளி தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் ஏறிவிட்டால் மைலேஜும் மனசு நிறைய வரும். ஊரிலிருந்து அரிசி மூட்டை ஏற்றினாலும் டிக்கியில் இன்னும் இடம் இருக்கும்.

அப்புறம் வால்யூம் தானாகக் குறைய ஆரம்பித்தது.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். யாரும் எதையும் தொடவில்லை. திரையில் வால்யூம் பார் மெதுவாக இறங்கி பூஜ்யத்தில் போய் நிற்கும். திரையைத் தொட்டு ஏற்றினால் மறுபடி இறங்கும். பாட்டு போனால் போகட்டும், வழி சொல்கிற குரலும் போய்விடும், போனில் பேசுபவர் குரலும் போய்விடும். கொஞ்ச நேரத்தில் ஸ்டீயரிங்கின் இடது பக்கப் பொத்தான்கள் ஒன்றுமே வேலை செய்யாது. இரு பக்கமும் டூவீலர்கள் உரசிக்கொண்டு போகிற ஊரில் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் இருக்கத்தான் பொத்தான்களை ஸ்டீயரிங்கில் வைத்தார்கள். அதே பொத்தானால் நான் திரையைப் பார்த்துத் தடவ வேண்டியிருந்தது. காலையில் வண்டி எடுக்கும்போது நன்றாக இருக்கும். மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் போச்சு.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு கோளாறு கோட் எதுவும் இல்லை என்றார்கள். அடுத்த மூச்சிலேயே "பூரா அசெம்ப்ளி சேஞ்ச் மாட்பேக்கு சார்" என்று எஸ்டிமேட் நீட்டினார் அட்வைசர். ஸ்விட்ச் செட்டோடு கிளாக் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டுமாம். லேபரோடு சேர்த்து 11,000 ரூபாய்க்கு மேல். வாரண்டி முடிந்துவிட்டது. எலக்ட்ரிக்கல் சாமான், மாற்றிய பிறகு பிரச்சினை தீராவிட்டாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். அதாவது நோய் என்னவென்று தெரியாமலே மருந்து, அதுவும் என் செலவில். பணத்தை விட இதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

கிளாக் ஸ்பிரிங் என்பது ஸ்டீயரிங்குக்கு அடியில் சுருண்டு கிடக்கும் தட்டையான கேபிள். ஸ்டீயரிங் வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றினாலும் வயர் அறாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஹாரன், ஏர்பேக், பொத்தான்கள் எல்லாம் அது வழியாகத்தான் போகின்றன. அது கெட்டிருந்தால் பெரும்பாலும் ஹாரன் அடிக்காது, இல்லையென்றால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும். என் வண்டியில் ஹாரன் அடித்தது. ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து சில நொடியில் அணைந்தது. வலது பக்க க்ரூஸ் கண்ட்ரோல் பொத்தான்களும் ஒழுங்காக இருந்தன. கேபிளுக்குள் தனித்தனி தடங்கள் இருப்பதால் ஒன்று மட்டும் அறுந்திருக்கலாம், அதுவும் நியாயம்தான். அதனால் வண்டியை நிறுத்தி வைத்து வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பார்த்தேன். கேபிள் கோளாறு என்றால் ஏதாவது ஒரு கோணத்தில் நடத்தை மாற வேண்டும். மாறவில்லை. தவிர, தடம் அறுந்தால் பொத்தான் ஊமையாகும். யாரும் அழுத்தாமலே அழுத்தியது போல் வேலை செய்யாது.

கடைசியில் அல்சூர் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். ஆம்பூர்க்காரர். வேறு எதையும் தொடும் முன் ஸ்டீரியோவைத்தான் கழற்றினார். இந்த வண்டியில் இடது பக்கப் பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு சிக்னல் வயர், ஒரு எர்த். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டன்ஸ். எதை அழுத்துகிறோமோ அதற்கேற்ப வயரில் வோல்ட் இறங்கும், அந்த அளவை வைத்து ஸ்டீரியோ பொத்தானை அடையாளம் கண்டுகொள்ளும். டவுன் பஸ் கண்டக்டர் விசில் கதைதான்: ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் கிளப்பு. விசில் விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் டிரைவர் முதலில் குழம்புவார், அப்புறம் காதில் வாங்கவே மாட்டார். என் ஸ்டீரியோவும் அதைத்தான் செய்தது.

அந்த சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வைத்தார். சும்மா இருக்கும்போது அஞ்சு வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய முள், அதாவது எண், அதில் பாதிக்கும் கீழே நின்றது. வால்யூம் குறைக்கும் பொத்தானை விரல் நகத்தால் நெம்பித் தூக்கினார். எண் மேலே ஏறியது. விட்டார், இறங்கியது. "ஸ்விட்ச்சுதான் சார். ஸ்டீரியோ நல்லாருக்கு, கேபிள் நல்லாருக்கு." ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இப்போது வருகிற பல வண்டிகளில் பொத்தான்களுக்குப் பின்னால் ஒரு சிப் உட்கார்ந்துகொண்டு லின் என்ற ஒற்றை வயரில் டிஜிட்டலாகப் பேசும். அங்கே இந்த வோல்ட் வித்தை பலிக்காது, ஸ்கேனர்தான் வேண்டும்.

ஸ்விட்சைக் கழற்ற ஏர்பேக்கை எடுத்தாக வேண்டும். யூடியூப் பார்த்துவிட்டு வீட்டில் இதைச் செய்யாதீர்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கத் தயாராகிற எல்லாக் காரிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயம், அதற்குப் பிறகு வந்த வண்டி என்றால் உங்களுடையதிலும் அது இருக்கும். அண்ணன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். பேட்டரியைப் பிரித்த பிறகும் ஏர்பேக் கண்ட்ரோல் மாட்யூலில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும், அது வடியக் காத்திருக்க வேண்டும். கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்க்கும்படி ஓரமாக வைத்தார். மஞ்சள் கனெக்டர் பக்கம் மல்டிமீட்டரைக் கொண்டுபோகவே இல்லை. மீட்டர் அனுப்புகிற துளி மின்சாரமே அதை வெடிக்க வைக்கப் போதுமாக இருக்கலாம் என்றார்.

உள்ளே பார்த்தால், போர்டு சுத்தம். கார்பன் ஒட்டிய ரப்பர் பேட் புதுசு போல இருந்தது. கெட்டது பொத்தானின் மேல் பூச்சு. கைக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று ரப்பர் மாதிரி ஒன்றைப் பூசியிருக்கிறார்கள். அது வெயிலிலும் வியர்வையிலும் இளகி, பிசுபிசுத்து, சுற்றியிருக்கும் சட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இடைவெளியோ ஒரு காகிதம் நுழைகிற அளவு. அழுத்தினால் உள்ளே போகிறது, திரும்பி வர மனசில்லை. இத்தனை லட்சம் ரூபாய் வண்டியில் மெத்தென்ற பொத்தான் வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

ஐசோபிரோபைல் ஆல்கஹாலால் பிசுக்கைத் துடைத்து, ஓரத்தை எமரி பேப்பரில் லேசாகத் தேய்த்து மாட்டிக் கொடுத்தார். 600 ரூபாய். மழைக்காலம் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. பங்குனி வெயில் வந்தது, பொத்தானும் பழையபடி ஒட்ட ஆரம்பித்தது. ஜே.சி. ரோட்டில் புது ஸ்விட்ச் விசாரித்தேன். கிடைக்கிறது, விலையும் நியாயம்தான். ஆனால் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தால் அதே மெத்தென்ற பூச்சு! வாங்காமல் வந்துவிட்டேன்.

சர்வீஸ் சென்டர் மேல் உள்ள கோபத்தை வண்டி மேல் காட்டுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம். இன்ஜின் சம்பந்தமாக இதுவரை ஒரு குறை சொல்ல முடியாது, அதே சர்வீஸ் சென்டர் பிரேக் வேலையை நேர்த்தியாகத்தான் செய்து கொடுத்தது.

மச்சான், போய்ப் பார்ப்பதாக இருந்தால் காலையில் போகாதே. மதியம் போ, வண்டி வெயிலில் நின்றிருக்க வேண்டும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா பார். எரியவே இல்லையென்றால் பல்பையே யாரோ பிடுங்கியிருக்கலாம், உஷார். பாட்டைப் போட்டு வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடு. வால்யூம் பார் நிற்கிறதா, இறங்கிக்கொண்டே போகிறதா என்று கவனி. வீலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி ஹாரன் அடி. பொத்தான் ஒட்டினால் கம்பெனி எஸ்டிமேட் கேட்டு அந்தத் தொகையைச் சொல்லி விலையைக் குறை. 600 ரூபாய்க் கதையை விற்கிறவரிடம் சொல்லாதே.

எல்லாம் சரியாக இருந்தாலும், என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். நேற்று ஹெப்பாள் மேம்பாலத்தில் அம்மா போனில் இருந்தார். நடுவில் வால்யூம் இறங்கிவிட்டது, அவர் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லையாம், இன்னும் பேசவில்லை. ஆடி மாதம் காற்று அடிக்கும்போது கேட்டிருந்தால் தாராளமாக வாங்கு என்றிருப்பேன். அதற்குள் அந்த வண்டியை வேறு யாராவது ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.