டமியா 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 9 சி: கழற்றி மாட்டவா, மூடி ஒட்டவா?

ஜப்பானிய நிறுவனமான டமியா 2009இல் வெளியிட்ட ப்ளாஸ்டிக் மாடல் கிட் இது (எண் 60319): இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர், நிஜத்தில் 32இல் ஒரு பங்கு அளவில். 1/32 அளவில் ஸ்பிட்ஃபயர் கட்டப்போகிறேன் என்று யார் சொன்னாலும் முதலில் பேச்சுக்கு வருவது இன்றும் இதுதான். முடிந்து நிற்கும்போது இறக்கை நுனிக்கு நுனி சுமார் 35 செ.மீ., நீளம் 30 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. முழு மெர்லின் எஞ்சின், காந்தத்தில் ஒட்டும் எஞ்சின் மூடிகள், அசையும் கட்டுப்பாட்டுத் தகடுகள், இறங்கிய நிலைக்கும் மடங்கிய நிலைக்கும் மாற்றிப் போடக்கூடிய சக்கரங்கள், ஸ்டாண்ட், ரப்பர் டயர், ஃபோட்டோ எட்ச் தகடுகள் (அமிலத்தால் அரித்து வெட்டிய மெல்லிய உலோகப் பாகங்கள்), உட்கார்ந்த விமானி ஒருவர், நிற்கும் விமானி ஒருவர் என்று பெட்டி நிறைய இருக்கிறது.

வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்கலாம். ஆனால் பெட்டியில் இருக்கும் எல்லா வசதியையும் ஒரே விமானத்தில் வேலை செய்ய வைக்கப் பார்த்தால் தோற்றம் கெடும். மூடி கழலணுமா, தகடுகள் அசையணுமா, சக்கரம் மாறணுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் முதல் பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் கோத்து வரும் ப்ளாஸ்டிக் சட்டம்) வெட்டும் முன்பே பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிட்டில் நடக்கும் தவறுகளில் பாதி, பாதி வேலையில் மனதை மாற்றிக்கொள்வதால் வருபவை.

எஞ்சின் மூடிகளில் இருந்து தொடங்குவோம், சிக்கல் அதிகம் அங்கேதான். மூடிகள் மெல்லியவை, அச்சு வார்ப்பு அருமை. பெயின்ட் இல்லாமல் பொருத்திப் பார்த்தால் இடைவெளி தெரியாத அளவுக்கு உட்காருகின்றன. பெயின்ட் ஏறியதும்தான் வில்லங்கம். ப்ரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளாஸ் (பளபளப்புப் பூச்சு), மேட் (மங்கல் பூச்சு) என்று நாலு படலம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மயிரிழைத் தடிப்பு வந்துவிடும். ஒரு மூடியின் விளிம்பில் ஒரு மயிரிழை, அதைத் தொடும் பக்கத்து மூடியின் விளிம்பில் இன்னொன்று. மூடியை உள்ளே தள்ளினால் ஒரு மூலை உட்காரும், எதிர் மூலை தூக்கும். அந்த மூலையை அழுத்தினால் விளிம்பில் பெயின்ட் உரிந்து ப்ளாஸ்டிக் தெரியும்.

இதைத் தவிர்க்க, ப்ரைமர் அடிக்கும் முன்பே மூடிகளின் வெட்டு விளிம்புகளை 1 மி.மீ. அகல மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் ஏறட்டும். விளிம்பில் தெரியும் சாம்பல் நிற ப்ளாஸ்டிக்கைக் கடைசியில் தூரிகையால் ஒரே ஒரு நீர்த்த பூச்சு கொடுத்தால் போதும். ஒவ்வொரு படலமும் காய்ந்ததும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். இறுகுவது தெரிந்தால் 1500 எண் உப்புத்தாளை ஒரு தட்டையான குச்சியில் ஒட்டி, உள்விளிம்பை இரண்டே இழுப்பு. வெளிவிளிம்பில் கை வைக்காதீர்கள், வைத்தால் கோடு அகன்றுவிடும்.

மூடி சரியாக உட்காருவதும் உட்காராததும் உண்மையில் அதற்கு முன்பே, எஞ்சினைத் தாங்கும் சட்டங்களை ஒட்டும்போதே முடிவாகிவிடுகிறது. சட்டம் கால் மில்லிமீட்டர் சாய்ந்தால் மூக்கு வரை அந்தச் சாய்வு வளர்ந்துகொண்டே போகும். எனவே சட்டத்தை ஒட்டி 5 நிமிடத்தில், பசை இறுகும் முன்பே, பெயின்ட் இல்லாத மூடிகளை மேலே வைத்து டேப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மூடிகளே அச்சாக இருந்து சட்டத்தைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும். உள்ளே வழியும் பசை மூடியையும் சேர்த்துப் பிடித்துவிடாமல் இருக்க, தொடும் இடங்களில் மெழுகுத்தாள் துண்டு ஒன்று வைத்தால் நல்லது.

காந்தங்களை ஒட்டும் முன் துருவம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே அடுக்காகச் சேர்த்துவிட்டு, மேலே தெரியும் முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றினால் குழப்பம் வராது. காந்தத்துக்கு ப்ளாஸ்டிக் பசை உதவாது, அது ப்ளாஸ்டிக்கை மட்டும்தான் உருக்கும். கெட்டியான சூப்பர் க்ளூ அல்லது எபாக்சி வேண்டும். கழற்றும்போது நகத்தை விட்டு நெம்பாதீர்கள். மூடியின் நடுவில் ஒரு டேப் துண்டைக் கைப்பிடி மாதிரி ஒட்டி நேராக மேலே இழுத்தால் விளிம்பு பிழைக்கும்.

மூடியை நிரந்தரமாக மூடிவிடப்போகிறீர்களா? அப்போதும் சட்டங்களை விட்டுவிட முடியாது, மூக்கின் வடிவத்தைப் பிடிப்பதே அவைதான். எஞ்சினில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத குழாய்களையும் பெயின்ட் வேலையையும் தாராளமாகக் குறைக்கலாம். எங்கள் பரிந்துரை இடைப்பட்டது: ஒரு பக்க மூடியையும் மேல் மூடியையும் மட்டும் திறந்து பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மற்றப் பக்கத்தை ஒட்டி, இணைப்பைச் சுத்தம் செய்துவிடுங்கள். ஒரு பக்கம் பார்த்தால் பறக்கத் தயாரான விமானம், மறுபக்கம் பார்த்தால் பணிமனை. கழற்றி மாட்டி விளையாடும் தேவையே வராது.

எஞ்சினைத் திறந்து காட்டுபவர்கள் ஸ்பார்க் பிளக் கம்பிகளுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். மெர்லினில் 12 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் 24 பிளக். பயப்பட வேண்டாம். உள்பக்கத்து 12 பிளக்குகள் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மறைந்துவிடும். புகைபோக்கிப் பக்கத்து 12 மட்டும் கண்ணில் படும், அதிலும் ஒரு பக்கம் திறந்தால் ஆறுதான். 0.3 மி.மீ. ஈயக்கம்பி இந்த அளவுக்குப் பொருந்தும். செம்புக்கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் சற்றுத் திரும்பிவிடும், ஈயம் அப்படிச் செய்யாது.

இனி அசையும் தகடுகள். ஐலரான் (இறக்கை ஓரத்தில்), எலிவேட்டர் (கிடைவாலில்), ரட்டர் (நிற்கும் வாலில்) மூன்றுக்கும் ஃபோட்டோ எட்ச் கீல்கள். யோசனை அழகானது, கையில் எடுத்தால் பொறுமையைச் சோதிப்பது. மெல்லிய சூப்பர் க்ளூ கீலின் இடுக்கு வழியாகத் தானே ஊறிப்போய் அச்சையும் பிடித்துவிடும். அச்சில் ஊசி முனையால் துளி வாசலின் தடவிவிட்டு, கெட்டி ரக க்ளூவை இறக்கைக்குள் போகும் பகுதியில் மட்டும் வைத்தால் தப்பிக்கலாம். அப்படியும் பெயின்ட் ஏறியபின் சில கீல்கள் இறுகும், சில தொளதொளவென்று ஆடும். இடது ஐலரான் ஒரு கோணத்தில், வலது வேறு கோணத்தில் தானாக நின்றால் பார்க்கச் சகிக்காது.

இந்த வசதியை விட்டுவிடுவதே மேல் என்பது எங்கள் கருத்து. தகடுகளை நீங்கள் விரும்பும் கோணத்தில் வைத்து ஒட்டிவிடுங்கள். தரையில் நிற்கும் ஸ்பிட்ஃபயரில் கட்டுப்பாட்டுத் தடியைப் பூட்டாமல் விட்டிருந்தால் எலிவேட்டர் இரண்டும் கீழே தொங்கும். ஐலரான் ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். ஃப்ளாப்பை (தரையிறங்கும்போது இறக்கையின் அடியில் இறக்கும் தகடு) தொங்கவிடாதீர்கள். இறங்கியதும் மேலே ஏற்றிவிடுவது விமானிகளின் வழக்கம், நிற்கும் விமானத்தில் ஃப்ளாப் இறங்கிக் கிடப்பது அபூர்வம்.

சக்கரம் விஷயமும் அதே கதைதான். மாற்றிப் போட்டால் கால்கள் சற்று ஆடும். ஸ்டாண்டில் பறக்கும் நிலையில் வைப்பதென்றால் மடங்கிய பாகங்களை ஒட்டி, உட்கார்ந்த விமானியையும் போடுங்கள். தரையில் நிறுத்துவதென்றால் கால்களை ஒட்டி, முன்னாலிருந்து பார்த்து இரண்டும் ஒரே கோணத்தில் விரிந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ரப்பர் டயர்தான் இந்தக் கிட்டின் பலவீனமான பாகம். நடுவில் ஓடும் வார்ப்புக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்தால் நார் நாராகக் கிளம்புகிறது. தனியே விற்கும் ரெசின் சக்கரங்களுக்கு மாறுவது செலவுக்குத் தகுந்த மாற்றம். நிற்கும் டயரின் அடி சற்றே தட்டையாக இருப்பதையும் அவற்றில் வார்த்தே தருகிறார்கள்.

காக்பிட் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. பக்கச் சுவர்கள், நெம்புகோல்கள், இருக்கை எல்லாம் பெட்டியில் இருந்தபடியே போதும். இருக்கைப் பட்டைகள் எட்ச் தகட்டில் வருகின்றன. அவற்றை நேராக ஒட்டினால் பலகை மாதிரி நிற்கும். ட்வீசரில் பிடித்து லைட்டர் சுடரில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டி, தானாக ஆறவிடுங்கள். தகடு இளகி, துணி மாதிரி இருக்கை மேல் மடியும். நேரம் தவறினால் மெல்லிய தகடு உருகிவிடும், ஒரு கண் வைத்தே இருங்கள். நிறத்தில் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். பல ஸ்பிட்ஃபயர்களில் இருக்கை உலோகமல்ல, அழுத்தி வார்த்த கூட்டுப்பொருள். அது உட்புறப் பச்சையில் இல்லாமல் செங்கபில நிறத்தில் இருக்கும். கதவில் மாட்டிய கடப்பாரையைச் சிவப்பாக அடிப்பது பிற்கால அருங்காட்சியக விமானங்களைப் பார்த்து வந்த பழக்கம், போர்க்கால விமானத்துக்குப் பச்சையே அடியுங்கள்.

பெயின்டுக்கு டமியாவின் எக்ஸ்எஃப் 81, 82, 83 மூன்றும் போதும்: கரும்பச்சை, ஓஷன் கிரே, அடிப்பக்கத்துக்கு மீடியம் சீ கிரே. 1941 ஆகஸ்டிலிருந்து பகல்நேரப் போர் விமானங்களுக்கு வந்த வண்ண ஏற்பாடு இது. லாக்கர் தின்னரில் ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு இரண்டு வரை நீர்த்து, 0.3 மி.மீ. ஏர்பிரஷில் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் அடித்தால் பெயின்ட் மாவு மாதிரி காய்ந்து படியாது. பச்சையும் சாம்பலும் சேரும் விளிம்பைப் புகை மாதிரி பரவலாக விடாதீர்கள். நிஜத்தில் ஒரு அங்குலம் மங்கினாலே இந்த அளவில் அது 0.8 மி.மீ.தான். மாஸ்க்கின் ஓரத்தை மெல்லிய புட்டித் திரியால் சற்றே தூக்கி வைத்து, நேர் மேலிருந்து அடித்தால் சரியாக வரும். வால்பக்கம் சுற்றும் வெளிர் ஸ்கை பட்டை நிஜத்தில் 18 அங்குலம், எனவே டேப்பை 14.3 மி.மீ.க்கு வெட்டுங்கள். கண்ணாடி மூடிக்கான மாஸ்க் தாளையும் பெட்டியிலேயே தருகிறார்கள், ஆனால் அச்சடித்த கோட்டில் நாமே வெட்ட வேண்டும். புது பிளேடு போட்டு, கோட்டின் உள்பக்கமாகவே வெட்டுங்கள். அகலமாக வெட்டிய மாஸ்க் சட்டத்தின் மேல் ஏறிக்கொள்ளும்.

டீகல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) தடிப்பு. இந்த விலைப்பிரிவு கிட்டுக்கு இது ஏமாற்றம்தான். கிளாஸ் பூச்சு இல்லாமல் மேட் மேலேயே ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளையாகப் பூக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், மார்க் செட்டர் (டீகலைப் படியவைக்கும் திரவம்), மேலே அழுத்த ஈரப் பஞ்சுக் குச்சி என்று போனால் ஓரளவு அடங்கும். வட்டச் சின்னங்களையும் எழுத்துகளையும் மாஸ்க் வைத்து பெயின்டாகவே அடிப்பது இன்னும் மேல். உடலின் பக்கத்தில் வரும் 36 அங்குல வட்டம் இங்கே 28.6 மி.மீ., வாலில் வரும் 24 அங்குலச் சதுரம் 19 மி.மீ., 8 அங்குல வரிசை எண் 6.35 மி.மீ. வட்டம் வெட்டும் கட்டர் ஒன்று கையில் இருந்தால் அரைநாள் வேலை. சிறிய எச்சரிக்கை எழுத்துகளுக்கு மட்டும் டீகலை நம்பலாம்.

பழமை காட்டும்போது அளவை மறக்காதீர்கள். மாடலில் 1 மி.மீ. உரிவு என்றால் நிஜத்தில் 32 மி.மீ., அதாவது கட்டைவிரலைவிட அகலமான காயம். ஆகவே உரிவுகள் ஊசிமுனைப் புள்ளிகளாக இருக்கட்டும். கூட்டமாக வருவது இடது இறக்கையின் அடிப்பகுதியில் மட்டும், விமானி ஏறும் கதவு அந்தப் பக்கம்தான். ஆணி வரிசைகளில் கறுப்பு வாஷ் (நன்கு நீர்த்த பெயின்ட்) ஊற்றினால் விமானம் கட்டம்போட்ட துணியாகிவிடும். கரும்பழுப்பைப் பாதியாக நீர்த்து விடுங்கள். துப்பாக்கி வாய்களை மூடும் சிவப்புத் துணி ஒட்டுகளை எல்லாம் முடிந்தபின் வைப்பது வசதி.

இதே அச்சுக் குடும்பத்தில் மார்க் 8 (60320), மார்க் 16 இ (60321) இரண்டும் உண்டு. குமிழ்க் கண்ணாடியும் நறுக்கிய இறக்கை நுனியும் வேண்டுமென்றால் 16 இ. எஞ்சினே வேண்டாம், வடிவம் போதும் என்பவர்களுக்கு ரெவெலின் 1/32 மார்க் 9 சி செலவில் எவ்வளவோ இலகு, ஆனால் இணைப்புகளில் புட்டி வேலை கூடும்.

கடைசியாக ஒட்ட வேண்டியது காக்பிட்டுக்குப் பின்னால் நிற்கும் ஆன்டெனாக் கம்பம். கையில் பிடித்து வேலை செய்யும்போது முதலில் முறிவதும் அதுதான். அதிலிருந்து வாலுக்கு ஒயர் இழுக்க வேண்டாம், மார்க் 9இல் இருந்த விஎச்எஃப் வானொலிக்குக் கம்பமே போதுமானதாக இருந்தது.