ரத்தானால் பணம் வருகிறது, தள்ளிப்போனால்தான் வம்பு

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் கணினி மையம் நடத்துகிறேன். பட்டா நகல், வருமானச் சான்று, ரயில் டிக்கெட் என்று வருபவர்களுக்கு நடுவே, பெங்களூரில் நடக்கும் கச்சேரிக்கும் கிரிக்கெட்டுக்கும் டிக்கெட் போட்டுத் தருவதும் உண்டு. அப்படிப் போடும் பெரிய தளம் ஒன்று பணத்தைத் திருப்பித் தருவதில் எவ்வளவு யோக்கியம் என்பதைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. பெயரைச் சொல்லவில்லை. மற்ற தளங்களும் ஏறத்தாழ இதே விதிகளைத்தான் எழுதி வைத்திருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி அடியோடு ரத்தானால் இவர்கள் கேட்காமலேயே பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். கல்லூரி மாணவன் ஒருவனுக்குப் போட்ட நகைச்சுவை நிகழ்ச்சி ரத்தானபோது, அவன் கட்டணம் செலுத்திய டெபிட் கார்டு தொலைந்து வங்கியில் புது கார்டு வாங்கியிருந்தான். பழைய கார்டுக்குப் போன பணம் காற்றில் போய்விடும் என்று பயந்தான். கார்டு மாறினாலும் கணக்கு அதேதான் என்பதால் பணம் நேராகக் கணக்கில் வந்து விழுந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் ஒத்திவைப்பில் இருக்கிறது.

மாந்தோப்புக் குத்தகை எடுக்கும் அண்ணன் ஒருவர், மனைவிக்கும் இரண்டு மகள்களுக்கும் தனக்குமாக பெங்களூரில் ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்கு மே மாதத் தொடக்கத்தில் டிக்கெட் போட்டார். என் திரையில் வந்த கியூஆர் குறியீட்டைத் தன் கைப்பேசியில் ஸ்கேன் செய்து அவரே பணம் கட்டினார். டிக்கெட் ஒன்றுக்கு 1,499 ரூபாய். நான்குக்கு 5,996. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 480, அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 86 ரூபாய் 40 காசு. ஆக 6,562 ரூபாய் 40 காசு. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, இரவு நிகழ்ச்சி முடிந்து பஸ் பிடிப்பதும் பெண்பிள்ளைகளோடு ஆகாது என்று சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாகப் போய்வர வேனுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டார். வழியில் கொறிக்க நிப்பட் கூட வாங்கி வைத்திருந்தார்கள்.

பெங்களூரின் கோடை மழை தெரிந்ததுதானே. மைதானம் சேறாகி, நிகழ்ச்சி ஜூன் கடைசிச் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. ஜூன் கடைசியில் பாட்டுக் கேட்கப் புறப்படும் மாங்காய்க்காரர் எங்கள் மாவட்டத்தில் இருந்தால், அவருக்கு அந்த ஆண்டு தோப்பில் காய் இல்லை என்று அர்த்தம். மாங்கூழ் ஆலைகளுக்குத் தோத்தாபுரி போய்க்கொண்டிருக்கும் நேரம் அது. பறித்த காய் காத்திருக்காது, ஆலை வாசலில் லாரிகளோ இரவெல்லாம் காத்திருக்கும். "தம்பி, அந்த வாரம் என் கல்யாணமாக இருந்தாலும் தள்ளித்தான் வைப்பேன். பணத்தைக் கேள்" என்றார்.

கேட்பதற்கு முன் அந்த மின்னஞ்சலைப் பார்க்க வேண்டும். தலைப்பில் 'புதிய தேதியை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்' என்று இருந்தது. மகிழ்ச்சி யாருக்கு என்று எழுதவில்லை. பிறகு பாடகரின் பெரிய படம், பழைய டிக்கெட்டே புது தேதிக்கும் செல்லும் என்ற உறுதிமொழி, உணவுக் கடைகளின் விளம்பரம். எல்லாம் முடிந்து, சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒரு வரி: வர இயலாதவர்கள் இன்ன தேதிக்குள் செயலியில் பணம் கோர வேண்டும், கோராதவர்கள் புது தேதிக்குச் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் கூட வாய் திறக்காதவனை இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதுவார்கள். இவர்கள் விற்றது மே மாதத்து ஒரு மாலையை. தருவது ஜூன் மாதத்து வேறொரு மாலையை. வாங்கியவர் பேசாமல் இருந்தால் வியாபாரம் முடிந்ததாம்.

இன்னொரு சிக்கல், மின்னஞ்சல் வந்தது என் கடையின் முகவரிக்கு. பணம் கட்டியவருக்கு ஒரு குறுஞ்செய்தி கூட இல்லை. பிறருக்கு டிக்கெட் போட்டுத் தரும் என் போன்ற கடைக்காரர்கள், வாடிக்கையாளரின் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையுமே பதிவில் கொடுத்துவிடுவது நல்லது. அந்தத் தேதி கடந்துவிட்டால் பழி கடைக்குத்தான்.

செயலியில் உதவிப் பக்கத்தைத் திறந்தால் பதில் சொல்வது இயந்திரம். அது காட்டிய தெரிவுகளில் 'நிகழ்ச்சி ரத்து' இருந்தது, 'டிக்கெட் வரவில்லை' இருந்தது. தேதி மாற்றம் இல்லை. ரத்து என்பதைத் தொட்டால், 'உங்கள் நிகழ்ச்சி ரத்தாகவில்லை, கண்டு மகிழுங்கள்' என்று சொல்லி உரையாடலை முடித்துக்கொண்டது. கடைசியில் மனிதர் ஒருவர் கிடைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பணம் ஏற்பாட்டாளரிடம் இருக்கிறது, அவர் ஒப்புதல் தந்தால்தான் திருப்ப முடியும், நாங்கள் இடையில் நிற்பவர்கள் என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. டிக்கெட்டில் பெரிதாகத் தெரிவது தளத்தின் பெயர், கட்டணம் வாங்கியதும் தளம். திருப்பும்போது மட்டும் ஏற்பாட்டாளர் எங்கிருந்து முளைக்கிறார் என்று கேட்டேன். அதைக் குறித்துக்கொண்டதாகச் சொன்னார்.

வேலை நடந்தது குறைதீர் அலுவலருக்கு எழுதிய பிறகுதான். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஓர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடிமட்டத்தில் தேடினால் கிடைக்கும். பதிவு எண், கட்டிய தொகை, பழைய தேதி, புதிய தேதி, கெடுவுக்குள் கோரிக்கை வைத்ததற்கான திரைப்பிடிப்பு, இவ்வளவையும் ஒரே கடிதத்தில் வைத்தேன். கோபத்தை வைக்கவில்லை. இயந்திரம் முடியாது என்றதை இந்தக் கடிதம் முடித்துக்கொடுத்தது: 'பணம் திருப்பி அனுப்பப்பட்டது' என்று பதில் வந்தது.

அண்ணனோ வரவே இல்லை என்று அடித்துச் சொன்னார். இந்த இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். யுபிஐ வழியாகத் திரும்பும் பணத்துக்குப் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் ஒன்று உண்டு. அதைத் தளத்திடம் கேட்டு வாங்கி, வங்கியில் கொடுத்தோம். எழுத்தர் பாஸ்புத்தகத்தைப் பதிந்து கொடுத்துவிட்டு ஒரு வரியின் மேல் பேனாவை வைத்தார். 5,996 ரூபாய் அங்கே இருந்தது. தளத்தின் பெயரில் இல்லை, நடுவே பணம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரில், ஆங்கில எழுத்துகள் பாதியில் வெட்டுண்டு. மண்டிக்காரர்கள் போட்ட வரவுகளுக்கு நடுவே அதை யார் அடையாளம் காண்பது? கார்டில் கட்டியிருந்தால், திரும்பிய பணத்தை வங்கி தேடிப் பார்க்க உதவும் ஏஆர்என் என்ற எண்ணைக் கேட்க வேண்டும்.

சேவைக் கட்டணம் மட்டும் வரவில்லை. டிக்கெட் எடுத்துத் தந்த சேவை முடிந்துவிட்டது, அது திரும்பாது என்று நிபந்தனையில் இருக்கிறதாம். தேதியை மாற்றியது நாங்களா? வேன்காரர் கூட, வேறு சவாரி கிடைத்தது என்று முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தமிழிலேயே பேச முடிந்தது. புகாரைப் பதிந்து தளத்துக்கு அனுப்பினார்கள். தளம் அதே நிபந்தனையைத் திருப்பிச் சொன்னது. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூருக்கோ மும்பைக்கோ அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ மனுக் கட்டணமும் கிடையாது.

ரத்துக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தரலாம். ஒத்திவைப்புக்கு ஒன்றரை, அதுவும் அந்தக் குறைதீர் அலுவலருக்காக. மீதி 566 ரூபாய் 40 காசுக்கான மனுவைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். காய் இறக்கி முடிந்ததும் கையெழுத்துப் போட வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். தட்டச்சுக்குக் காசு வாங்குவதாக இல்லை.