ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க எந்த வழி? இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

மார்ச் 31-இல் கணக்காண்டு முடியும் நிறுவனங்கள் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்தியாக வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். ஆகவே ஆடி, ஆவணி மாதங்களில் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் பங்கு வைத்திருப்போருக்குக் கூட்ட அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகை) எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு அவற்றை மூடிவிடும் வழக்கம் நம் பகுதியில் பலருக்கு உண்டு. பங்கோடு சேர்ந்து வந்த வாக்குரிமை இப்படி ஆண்டுதோறும் வீணாவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருப்பதாலேயே, நமக்குத் திறந்திருக்கும் நான்கு வழிகளையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்: நேரில் போவது, பதிலாளை அனுப்புவது, காணொலியில் கலந்துகொள்வது, கூட்டத்துக்கு முன்பே மின்னணு முறையில் வாக்களிப்பது.

நேரில் நடக்கும் கூட்டம், நிறுவனத்தின் பதிவு அலுவலகத்திலோ அந்த அலுவலகம் இருக்கும் ஊருக்குள்ளோதான் நடக்க வேண்டும். எனவே பயணத்தின் சுமை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் தலைமையிடமான தூத்துக்குடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி வழியாகப் போய் அன்றே திரும்பிவிடலாம். ராம்கோ சிமெண்ட்ஸின் இராஜபாளையமும் அப்படித்தான். சென்னை நிறுவனம் என்றால் முந்தைய நாளே இராமேசுவரத்தில் இரயில் ஏற வேண்டும். மும்பை நிறுவனம் என்றால் சில நூறு பங்குகளுக்காக அந்தச் செலவை நியாயப்படுத்தவே முடியாது. நேரில் போவதன் சிறப்பு ஒன்றே ஒன்றுதான்: இயக்குநர்களின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம், பதில் மழுப்பலாக இருந்தால் அங்கேயே மறுபடியும் எழுந்து கேட்கலாம். முன்பெல்லாம் கூட்டத்துக்குப் போனால் கிடைத்த பரிசுப் பையை இப்போது எதிர்பார்க்க இடமில்லை. கூட்டத்தையொட்டி அன்பளிப்போ கூப்பனோ தரக்கூடாது என்று, நிறுவனக் கூட்டங்களை நடத்தும் முறையை வகுக்கும் செயலாண்மைத் தரநிலை தடுக்கிறது. அது நல்லதே.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல், மே மாதங்களில் கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட சுற்றறிக்கைகளுக்குப் பின், பட்டியலிடப்பட்ட (பங்குச் சந்தையில் பங்குகள் கைமாறும்) நிறுவனங்களில் பல முழுக்கக் காணொலியிலேயே கூட்டம் நடத்துகின்றன. ஆகவே நேரில் போகலாமா என்று யோசிக்கும் முன் அறிவிப்பின் முதல் பக்கத்தில் கூட்டம் எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பதிலாளை அனுப்புவது கேட்பதற்கு வசதியாகத் தோன்றினாலும், நான்கில் இதுவே மிகவும் பலவீனமானது என்பது என் கருத்து. சென்னையிலிருக்கும் மைத்துனரையோ மருமகனையோ நியமிக்கலாம். அவர் பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் படிவத்தைப் பூர்த்தி செய்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பாக நிறுவனத்திடம் சேர்த்தாக வேண்டும். இத்தனையும் செய்து அவர் போய் உட்கார்ந்தாலும், வாக்களிக்கலாமே தவிரப் பேசும் உரிமை அவருக்கு இல்லை. காணொலிக் கூட்டத்திலோ பதிலாள் என்ற ஏற்பாடே கிடையாது. கைப்பேசியும் இணையமும் கைவராத முதியவர்களுக்கு, அதுவும் நேரில் நடக்கும் கூட்டத்துக்கு மட்டுமே, இந்த வழியை நான் பரிந்துரைப்பேன்.

மின்னணு வாக்களிப்பு குறைந்தது 3 நாள்கள் திறந்திருக்கும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடப்படும். அறிவிப்பில் குறிப்பிட்ட தகுதித் தேதியன்று பங்கு நம் கணக்கில் இருந்தால் போதும். பங்குகளை மின்னணு வடிவில் காத்துவைக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் தளத்தில், நம் பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கின் மூலம் நுழைந்தால், நடப்பிலுள்ள கூட்டங்களின் பட்டியல் வரும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் தீர்மானங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதரவா எதிர்ப்பா என்று குறித்து, சமர்ப்பித்து, உறுதிசெய்ய வேண்டும். ஆற அமர ஆண்டறிக்கையைப் படித்து, இரவில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். துபாயிலிருக்கும் கீழக்கரைக்காரரும் அங்கிருந்தபடியே வாக்களிக்கலாம். டீமேட் கணக்கில் பதிந்த கைப்பேசி எண் புழக்கத்தில் இருந்தால்தான் ஓடிபி வரும் என்பதை மட்டும் அவர் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

காணொலிக் கூட்டத்தின் பயன் வேறு. பேச விரும்புவோர் அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் பெயரைப் பதிந்துகொண்டால், பாம்பனிலிருந்தும் தலைவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். முன்பே வாக்களிக்காதவர்கள் கூட்டத்தின்போது மின்னணு முறையில் வாக்களிக்கவும் முடியும்.

உண்மையான தேர்வு இங்கேதான் கடினமாகிறது. முன்கூட்டியே வாக்களித்தவர் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், ஆனால் மறுபடி வாக்களிக்கவோ அளித்ததை மாற்றவோ முடியாது. இயக்குநர் மறுநியமனம் பற்றிக் கேள்வி கேட்டு, பதில் திருப்தி தரவில்லை என்றாலும், நேற்று ஆதரித்துக் குறித்தது குறித்ததுதான். பதிலைக் கேட்டபின் முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தாலோ, காற்றுக் காலத்தில் நம் கரையில் மின்சாரமும் சிக்னலும் நம்பத்தக்கவை அல்ல. வாக்களிக்கும் அந்தச் சில நிமிடங்களில் இணைப்பு அறுந்தால் வாக்கு போய்விடும். வழக்கமான கணக்கு ஒப்புதல், டிவிடெண்ட் ஆகியவை மட்டும் இருக்கும் கூட்டத்துக்கு முன்கூட்டியே வாக்களித்துவிடுவதே சரி. மனத்தை உறுத்தும் தீர்மானம் ஏதேனும் இருந்தால், கேள்வியை மின்னஞ்சலில் முன்பே அனுப்பி, வாக்களிப்பின் கடைசி நாள் பிற்பகல் வரை பதிலுக்காகக் காத்திருந்து பார்க்கலாம். பதில் வரவில்லை என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 5 மணிக்குள் வாக்களித்துவிடுவதே என் யோசனை.

என் நூறு பங்கு என்ன மாற்றத்தைக் கொண்டுவந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். சிறப்புத் தீர்மானம் நிறைவேற, ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்காவது, அதாவது 75 விழுக்காடாவது, இருக்க வேண்டும். ராயல் என்ஃபீல்டு வண்டிகளைத் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸ் 2021 ஆகஸ்டில் நடத்திய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நிர்வாக இயக்குநரின் மறுநியமனத்துக்கான சிறப்புத் தீர்மானம் சுமார் 73 விழுக்காடு ஆதரவு பெற்றும் தோற்றது. அங்கே பெருநிறுவன முதலீட்டாளர்களின் எதிர்ப்பே எடையாக இருந்தது என்றாலும், இவ்வளவு நெருக்கமான எண்ணிக்கையில் சிறு பங்குகளும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. அடுத்து, பட்டியலிடப்பட்ட நிறுவனம் தனக்கு நெருங்கிய தரப்பினருடன் செய்யும் பெரிய பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கேட்கும்போது, அத்தகைய தரப்பினர் எவரும் ஆதரித்து வாக்களிக்க, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி அனுமதிப்பதில்லை. நிறுவனரின் கை கட்டப்பட்டிருக்கும் அந்த நேரத்தில் வெளியாரின் வாக்குக்கு இருக்கும் மதிப்பு வேறு எப்போதும் இருப்பதில்லை.

கூட்டாகப் பங்கு வைத்திருப்பவர்களில் முதல் பெயர்க்காரரின் வாக்கே செல்லும். தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்கப்படாமல் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்ட பங்குகளுக்கோ இந்த நான்கு வழிகளில் எதுவும் திறக்காது. உரியவர் கோரிப் பெறும்வரை அவற்றின் வாக்குரிமை முடக்கப்பட்டிருக்கும். பெட்டியில் அப்பா காலத்துப் பங்குச் சான்றிதழ் இருக்கும் குடும்பங்கள், பங்கு அப்படி மாற்றப்பட்டிருந்தால், முதலில் அந்த மீட்பு விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும்.